சாதி ஒரு தரவாகும்போது: 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒடுக்கப்பட்டோரும்

மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள கல்லூரியில் பயிலும் மாணவி ஒருவர் தம் கைப்பேசியோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோரின் விவரங்கள் அடங்கிய எக்செல் கோப்பொன்றை, 'சரிபார்த்துக்கொள்ளவும்' என்ற ஒற்றை வரியுடன், துறையின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ பகிர்ந்திருந்தார்கள். பெயர், தந்தையின் பெயர், சாதி, உட்பிரிவு, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், பெற்றோரின் ஆண்டு வருமானம் எல்லாம் வரிசையாக இருந்தன. அன்று மாலைக்குள் அக்கோப்பு விடுதிக் குழுக்கள்வரை சென்றுவிட்டது. தம் சாதியை ஒருபோதும் மறைத்ததில்லை என்றார் அம்மாணவி. அதை யாரிடம், எப்போது சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை தம் கையைவிட்டுப் போனதுதான் அவருடைய வருத்தம். "இதற்குச் சட்டத்தில் வழியுண்டா?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதில் அவருக்கு வியப்பளித்தது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதை ஆதார் சட்டம், 2016இன் 29(4)ஆம் பிரிவு தடைசெய்கிறது. வங்கிக் கணக்கு விவரம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்கீழ் 2011இல் இயற்றப்பட்ட விதிகளின்படி உணர்திறன்மிக்க தனிநபர் தகவல். கடவுச்சொல், மருத்துவ ஆவணம், பாலியல் நாட்டம், உயிரியளவுத் தரவு ஆகியனவும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன. சாதி இடம்பெறவில்லை. அந்த எக்செல் கோப்பில் அம்மாணவிக்கு அதிகக் காயம் தரக்கூடியதாக இருந்த ஒரு நெடுவரிசைக்கு மட்டும் தனிப் பாதுகாப்பு இல்லை.

புதிய சட்டம் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டதா என்றால், இல்லை. தீர்க்கும் தறுவாயில் வந்து பின்வாங்கிவிட்டது.

இருந்து காணாமற்போன சொல்

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே காலத்தில் அமைக்கப்பட்ட நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 ஜூலையில் அறிக்கையும் சட்ட வரைவும் அளித்தது. அவ்வரைவிலும், 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிமுகமான மசோதாவிலும், உணர்திறன்மிக்க தரவு எவையெவை எனப் பட்டியல் இருந்தது. உடல்நலம், நிதி, பாலியல் வாழ்வு, மரபணு, மதம் அல்லது அரசியல் நம்பிக்கை ஆகியவற்றோடு 'சாதி அல்லது பழங்குடி' என்பதும் அதில் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. 2019 மசோதா 'தீங்கு' என்ற சொல்லுக்கும் வரையறை தந்தது. பாகுபாடான நடத்தையும், மதிப்பீட்டு முடிவொன்றின் அடிப்படையில் சேவையோ பயனோ மறுக்கப்படுவதும் அவ்வரையறைக்குள் வந்தன. வேலைக்கு விண்ணப்பித்தவரின் சாதியை ஊகித்து ஒதுக்கும் மென்பொருளையும், முகவரியைப் பார்த்துக் கடனை மறுக்கும் செயலியையும் அந்த வரையறையைக் கொண்டு எதிர்த்திருக்க முடியும்.

கூட்டு நாடாளுமன்றக் குழு 81 திருத்தங்களை முன்மொழிந்தது. அதையே காரணம் காட்டி 2022 ஆகஸ்ட் 3 அன்று மசோதா திரும்பப் பெறப்பட்டது. பின்பு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. 44 பிரிவுகள் கொண்ட சிறிய சட்டம். அதில் உணர்திறன்மிக்க தரவு என்ற வகையே கிடையாது. எல்லாத் தனிநபர் தரவும் ஒன்றே. இணையத்தில் செருப்பு வாங்கும்போது நீங்கள் தரும் கால் அளவும், சாதிச் சான்றிதழும் அதன் பார்வையில் ஒரே தரத்தவை. 'தீங்கு' என்பதன் வரையறையும் நீங்கிவிட்டது. எளிமை என்ற பெயரில் களையப்பட்டவற்றுள் நம்மைத் தொட்ட பகுதிகள் இவை. அன்றைய விவாதங்களில் தலித் அமைப்புகள் இதைப் போதிய அழுத்தத்தோடு எழுப்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தனியுரிமை என்பது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் கவலை என்ற எண்ணம் நம்மிடையே இருந்தது. இன்றும் ஓரளவு இருக்கிறது.

அவ்வெண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது. 1947இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற தம் அறிக்கையில் அம்பேத்கர் முன்வைத்த அடிப்படை உரிமைகளுள், நியாயமற்ற சோதனைக்கும் பறிமுதலுக்கும் எதிராக மனிதரின் உடல், வீடு, ஆவணங்கள், உடைமைகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்பதும் ஒன்று. கே.எம். முன்ஷியும் அத்தகைய பிரிவை முன்மொழிந்தார். அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர், பி.என். ராவ் ஆகியோர் எதிர்த்தனர். பிரிவு அரசமைப்பில் இடம்பெறவில்லை. 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் அமர்வு, அத்தகைய பிரிவு அரசமைப்பில் இல்லாததையே தனியுரிமைக்கு எதிரான வாதமாக எடுத்துக்கொண்டது. அந்தத் தவறைத் திருத்த 63 ஆண்டுகள் ஆயின. காவலர் எந்நேரமும் நுழையக்கூடிய குடிசை யாருடையது என்பதை அறிந்தவர் எழுதிய பிரிவு அது.

இசைவு யாருக்குக் கேட்கப்படும்?

புதிய சட்டத்தின் அடித்தளம் இசைவு. தரவு சேகரிப்பவர் எதற்காகச் சேகரிக்கிறார் என்று அறிவிப்புத் தர வேண்டும். அதை ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். தமிழில் கேட்டால் தமிழில் தந்தாக வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறலாம், தரவைத் திருத்தவோ அழிக்கவோ கோரலாம்.

ஆனால் விதிவிலக்குகளில்தான் நம் மக்களின் வாழ்க்கை பெரும்பாலும் கழிகிறது. 7(பி) பிரிவின்படி மானியம், நலத்திட்டப் பயன், சான்றிதழ், உரிமம் ஆகியவற்றுக்காக அரசு தரவைப் பயன்படுத்தும்போது, வரையறுக்கப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் புதிதாக இசைவு கேட்கத் தேவையில்லை. உதவித்தொகை, தொகுப்பு வீடு, தாட்கோ கடன், சாதிச் சான்றிதழ் என அரசோடு அதிகம் தொடர்புகொள்பவர் யாரோ, அவருக்கே இசைவு என்னும் கேடயம் மெலிந்துவிடுகிறது. 17(2)(ஏ) பிரிவின்கீழ் ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்குச் சட்டமே பொருந்தாது.

7(ஐ) பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும், முதலாளிக்கு ஏற்படக்கூடிய இழப்பைத் தடுப்பதற்காகவும் தொழிலாளியின் தரவை இசைவின்றிப் பயன்படுத்தலாம் என்கிறது அது. நாக்பூர், சண்டிகர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் கட்டப்பட்டதை நினைவுகொள்க. அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைக்குச் செல்லும்போதும் கடிகாரம் கூடவே வருகிறது என்று பெண் தொழிலாளர்கள் முறையிட்டனர். அப்பணியில் இருப்போர் பெரும்பாலும் தலித்துகள். இனி அத்தகைய கடிகாரத்துக்கு இசைவு தேவையில்லை என்று வாதிட நகராட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் 7(ஐ) இடமளிக்கிறது. மனிதக் கழிவகற்றும் பணியைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்காமலே தூர்வாரும் பாண்டிகூட் என்ற இயந்திரத்தைக் கேரளத்து இளம் பொறியாளர்கள் 2018இல் உருவாக்கிக் காட்டினர். ஆனாலும் 2023 அக்டோபரில் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உச்ச நீதிமன்றம் உயர்த்த வேண்டிய நிலை இருந்தது. தொழில்நுட்பப் புத்தாக்கம் என்று சொல்லும்போது, குழிக்கு இயந்திரம் வருவதற்கு முன் கைக்குக் கடிகாரம் வந்தது ஏன் என்று நாம் கேட்டே ஆக வேண்டும்.

புத்தாக்கத்துக்குத் தடை கூடாது என்பதற்காகவே 17(3) பிரிவு, புத்தொழில் நிறுவனங்கள் உள்ளிட்ட சிலருக்குப் பல கடமைகளிலிருந்து விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தருகிறது. அறிவிப்புத் தருவதும், பயன்பாடு முடிந்தபின் தரவை அழிப்பதும், தன்னிடம் என்ன தரவு உள்ளது என்று உரியவருக்குச் சொல்வதும் அக்கடமைகளுள் அடங்கும். 2025 நவம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு வழிகாட்டு நெறிகளில், கட்டுப்பாட்டைவிடப் புத்தாக்கத்துக்கு முன்னுரிமை என்பது ஏழு கொள்கைகளுள் ஒன்று. நெறிகள் சட்டமல்ல. ஆயினும் காற்று எத்திசையில் வீசுகிறது என்பதை அவை காட்டுகின்றன.

முகவரியில் ஒளிந்திருக்கும் சாதி

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது சுயமரியாதை இயக்கத்தின் கொடை. ஆகவே நம் பெயர்களைக் கொண்டு இயந்திரத்தால் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது என்று சிலர் நம்புகிறார்கள். முகவரியை மறந்துவிடுகிறார்கள். ஆதார் அட்டையில், வங்கிப் படிவத்தில், வேலை விண்ணப்பத்தில் உள்ள 'காலனி' என்ற சொல் என்ன செய்கிறது என்பது நமக்குத் தெரியும். 2025 ஏப்ரல் 29 அன்று அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தது வரவேற்கத்தக்கதே. எனினும் பழைய தரவுத்தளங்களில் சொல் அப்படியே கிடக்கிறது. சொல் நீங்கினாலும் அஞ்சல் குறியீடும் தெருவும் பள்ளியின் பெயரும் உதவித்தொகை வரவு வைக்கப்பட்ட கணக்கும் சேர்ந்தால் இயந்திரம் சாதியை ஊகிக்கப் போதும். எந்த நிரலாளரும் 'சாதி' என்று ஒரு வரி எழுத வேண்டியதில்லை. கடந்த காலத்தில் யாருக்குக் கடன் தரப்பட்டது, யார் வேலைக்கு எடுக்கப்பட்டார் என்ற தரவைக் கற்றுக்கொண்ட மென்பொருள், கடந்த காலத்தின் தீண்டாமையையும் சேர்த்தே கற்கிறது. தானியங்கி முடிவை எதிர்த்து மனிதர் ஒருவரின் மறுபரிசீலனையைக் கோரும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 22ஆம் உறுப்பில் தருகிறது. நம் சட்டத்தில் அத்தகைய உரிமை இல்லை.

காவல்துறையின் தரவுக்கு வருவோம். 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கைரேகை எடுத்தது. அதை எதிர்த்து 1920இல் பெருங்காமநல்லூரில் மக்கள் உயிர்விட்டனர். 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளம் காணுதல் சட்டம், கைதானவர்களின் கருவிழி, விழித்திரைப் பதிவுகளையும் எடுத்து 75 ஆண்டுகள் சேமித்துவைக்க வழிசெய்கிறது. 2024 மே மாதத்தில் அமானதுல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பிற்படுத்தப்பட்டோரும் சாதிச் சாய்வின் காரணமாகவே சரித்திரப் பதிவேடுகளில் சேர்க்கப்படுவது குறித்துக் கவலை தெரிவித்தது. சாய்வான பதிவேட்டைக் கணினியில் ஏற்றினால் சாய்வு நீங்காது, வேகமாகப் பரவும். முக அடையாள மென்பொருளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முகத்தைக் கொண்டு பாலினம் கண்டறியும் மூன்று வணிக மென்பொருள்களை ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்டனர். கருநிறப் பெண்களின் முகங்களில் பிழை 34.7 விழுக்காடுவரை சென்றது; வெண்ணிற ஆண்களின் முகங்களில் ஒரு விழுக்காட்டையும் தொடவில்லை. நம் ஊர் வெயிலில் வேலைசெய்யும் முகங்களைக் கொண்டு அப்படியொரு சோதனையை நடத்திப் பார்க்காமலேயே இங்கே கேமராக்கள் பெருகுகின்றன.

இரகசியம் உயிர் காக்கும் இடம்

சாதி மறுப்புத் திருமணம் செய்வோருக்குத் தனியுரிமை உயிரோடு தொடர்புடையது. சிறப்புத் திருமணச் சட்டம், 1954இன் 5, 6, 7ஆம் பிரிவுகளின்படி திருமணத்துக்கு முன் அறிவிப்புக் கொடுத்து, அது பதிவு அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டு, 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். பலகையில் ஒட்டிய தாளை யாராவது வந்து பார்த்தால்தான் உண்டு. அதையே இணையத்தில் ஏற்றினால் புகைப்படத்தோடும் முகவரியோடும் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுவதும் சென்றுவிடும். கேரள அரசு 2020இல் இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தியது. தமிழ்நாட்டில் பலர் நாடுவது இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு, அதாவது சுயமரியாதைத் திருமணம். அதைப் பொது அறிவிப்போடுதான் நடத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் முன்னர் கூறியிருந்தது. 2023 ஆகஸ்ட் 28 அன்று இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்நிலைப்பாட்டை ஏற்கவில்லை. குடும்ப எதிர்ப்பையும் ஆபத்தையும் எதிர்கொள்ளும் இணையர் எல்லோருக்கும் அறிவித்துத்தான் மணம்புரிய வேண்டும் என்று கட்டாயப்படுத்த இயலாது என்றது. என் பார்வையில் தரவுப் பாதுகாப்பு குறித்த தீர்ப்புகளோடு வைத்துப் படிக்க வேண்டிய தீர்ப்பு இது.

மறைக்கக் கூடாததை மறைக்கும் பிரிவு

இதுவரை சொன்னவை தனியுரிமை போதாத இடங்கள். இனிச் சொல்வது தனியுரிமை ஆதிக்கத்தின் கேடயமாகும் இடம். 2023 சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றிவிட்டது. முன்பு, பொதுப்பணிக்கோ பொதுநலனுக்கோ தொடர்பில்லாத தனிநபர் தகவலை மட்டுமே மறுக்க முடியும். பரந்த பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் இருந்தது. இப்போது அந்த நிபந்தனைகள் அனைத்தும் நீங்கி, 'தனிநபர் தகவல்' என்பதே மறுப்புக்குப் போதுமான காரணமாகிவிட்டது. மக்களின் தரவைக் காக்கும் பிரிவுகள் 2025 நவம்பரில் வெளியான அறிவிக்கையின்படி 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும். தகவலை மறுக்கும் திருத்தமோ அந்நவம்பரிலேயே உடனடியாக நடைமுறைக்கு வந்துவிட்டது. இந்த வரிசைமுறையே ஒரு கதை சொல்கிறது.

பஞ்சமி நிலத்தை எடுத்துக்கொள்வோம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கத் தொடங்கிய நிலம் அது. அம்மக்கள் அல்லாதாருக்குக் கைமாற்றக் கூடாது என்பது நிபந்தனை. அதை மீட்கும் காரணைப் போராட்டத்தின் தொடர்ச்சியில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். இன்று அந்நிலம் யார் பெயரில் இருக்கிறது, எப்போது யாரிடமிருந்து கைமாறியது என்பதே வழக்கின் உயிர்நாடி. பெயரைக் கேட்டால் 'தனிநபர் தகவல்' என்று மறுக்க இப்போது அலுவலருக்கு வழியுண்டு. போலிச் சாதிச் சான்றிதழ் கொடுத்து இடஒதுக்கீட்டு இடத்தைப் பறித்தவரின் விவரம், நூறு நாள் வேலையில் கூலி போடப்பட்டதாகக் காட்டும் வருகைப் பட்டியல், தொகுப்பு வீடு ஒதுக்கப்பட்டோர் பட்டியல் எல்லாவற்றுக்கும் இதே மறுப்பு வரலாம். திருத்தத்துக்கு முன்பும் எல்லாம் நன்றாக இருந்ததென்று சொல்ல மாட்டேன். 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கின் தீர்ப்பு அரசு ஊழியர்களின் பணி விவரங்களைத் தனிநபர் தகவல் என்று சொன்னதிலிருந்தே கதவு பாதி சாத்தப்பட்டுவிட்டது. இப்போது தாழும் போடப்பட்டிருக்கிறது.

ஆனால் சன்னல்கள் சில உள்ளன. 8(2) பிரிவு நீக்கப்படவில்லை. வெளியிடுவதால் விளையும் பொதுநலன் பாதிப்பைவிட மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்கிறது அது. ஆகவே இனி விண்ணப்பம் எழுதும்போதே பொதுநலன் என்ன என்பதை நான்கு வரிகளில் எழுதி 8(2) பிரிவைக் குறிப்பிடுவது நல்லது. மானியத் திட்டங்களின் பயனாளிகள், சலுகையும் உரிமமும் பெற்றோர் ஆகிய விவரங்களை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்ற 4(1)(பி) பிரிவும் அப்படியே இருக்கிறது. மறுக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு எஞ்சியதைத் தரச் சொல்லும் 10ஆம் பிரிவு உண்டு. மறுத்தது சரியே என்று மேல்முறையீட்டில் நிறுவ வேண்டிய பொறுப்பு அலுவலருடையது என்கிறது 19(5) பிரிவு. இதை மேல்முறையீட்டு மனுக்களில் நம்மவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. நிலத்தைப் பொறுத்தவரை, பட்டா, சிட்டா, அ பதிவேடு ஆகியன அரசின் இணையதளத்திலேயே பார்க்கக் கிடைக்கின்றன. அவற்றை முதலில் எடுத்துவைத்துக்கொண்டு, கிடைக்காத பழைய ஒப்படைப்பு ஆவணங்களை மட்டும் தகவல் உரிமையின்கீழ் கேட்பதே இப்போதைக்கு உகந்த முறை.

சாதித் தரவே வேண்டாம் என்பதா நம் நிலைப்பாடு? சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்குமாறு 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது சரி. அங்கே அக்கட்டம் யார் கழிவறை கழுவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கப் பயன்பட்டது. ஆனால் இடஒதுக்கீட்டுக்கும் துணைத்திட்ட நிதிக்கும் சாதிவாரித் தரவு இன்றியமையாதது. இரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவதற்கு நம்மிடமே பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், 1948இன் 15ஆம் பிரிவின்படி கணக்கெடுப்பில் தனிநபர் தந்த விவரத்தை யாரும் பார்வையிட முடியாது. நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் ஏற்க முடியாது. எண்ணிக்கை பொதுவுக்கு வரும், பெயர் வராது. 2027 கணக்கெடுப்பில் சாதியும் டிஜிட்டல் முறையில் பதிவாகவிருக்கும் நிலையில், அப்பிரிவு ஒரு புள்ளியும் தளராமல் காக்கப்படுகிறதா என்பதைக் கண்காணிப்பது நம் அமைப்புகளின் வேலை.

அம்மாணவியின் வழக்குக்குத் திரும்புகிறேன். புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின் அவர் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் முறையிடலாம். பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறியவருக்கு 250 கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்க வாரியத்துக்கு அதிகாரமுண்டு. அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாயும் கிடையாது. இழப்பீடு தந்த பழைய 43ஏ பிரிவும் அப்போது நீக்கப்பட்டுவிடும். முறையீடு பொய்யானது அல்லது அற்பமானது என்று வாரியம் கருதினால் அவருக்கே 10,000 ரூபாய்வரை தண்டம் விதிக்கலாம். வாரிய உறுப்பினர்களை ஒன்றிய அரசு நியமிக்கிறது; பட்டியல் சாதியினருக்கு அதில் இடம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

அதுவரை காத்திருக்காமல், ஆதார் எண் வெளியானதைச் சுட்டி ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவின்கீழ் கல்லூரிக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினோம். உதவித்தொகை விவரங்களை மாணவரிடம் தனியே தெரிவிக்க வேண்டும், வகுப்பில் சாதி வெளிப்படும் எந்தப் பேச்சும் கூடாது என்ற நீதிபதி சந்துரு குழுவின் 2024ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் பள்ளிகளைப் பற்றியவை என்றாலும், அவற்றையும் மேற்கோள் காட்டினோம். குழுவிலிருந்து கோப்பு நீக்கப்பட்டது. இனி இத்தகைய பட்டியல்கள் தனித்தனியே அனுப்பப்படும் என எழுத்துவழியாகப் பதில் வந்தது. கோப்பைப் பதிவிறக்கியவர்களின் கைப்பேசிகளில் அது இன்னும் இருக்கிறது.